கச்சான் காற்றில் கல்லூரிப் பந்து
மன்னார்ப் பாடசாலை அணியொன்றைப் பின்தொடர்வோருக்கான அத்தியாயம்

மைதானத்தைச் சுற்றி மோட்டார்சைக்கிள்கள் நின்றால் உள்ளே மெச் நடக்கிறது. மன்னாரில் இதைவிடப் பெரிய அறிவித்தல் தேவையில்லை. பாடசாலை ஆட்டத்துக்கு இருக்கை இலக்கம் கிடையாது. போய் நிற்க வேண்டியதுதான். ஆனால் ஒரு மெச்சைப் பார்ப்பது வேறு, ஓர் அணியைப் பின்தொடர்வது வேறு. முதலாவதற்கு ஒரு பின்னேரம் போதும். இரண்டாவதற்கு ஆறு வருசம் வேண்டும். இந்த அத்தியாயம் இரண்டாவதை எண்ணி எழுதப்பட்டது.

எந்தப் பந்து?

அமெரிக்காவில் கல்லூரி ரசிகர் என்றால் கூடைப்பந்து நினைவுக்கு வரும். பங்குனி மாதத்தில் 68 அணிகள் மோதும் போட்டிக்காக ஊர் ஊராக வேலையை மறந்து இருப்பார்கள். அந்தப் பைத்தியத்தில் ஒரு துளி நமது கிழக்குக் கரைக்கும் வந்தது. லூசியானாவில் பிறந்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபேர்ட் அடிகளார் 1948இல் இலங்கைக்கு வந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கினார். 1990 ஓகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அவரும் சாரதியும் வழியில் காணாமல் போயினர். அவர் ஊன்றிய விளையாட்டு அந்த ஊரில் நிலைத்துவிட்டது.

மன்னாரில் அந்தப் பந்து வேர்பிடிக்கவில்லை. கூடைப்பந்துக்கு சீமெந்துத் தரை வேண்டும். இங்கே தீவு முழுக்க மணல். மணலில் தட்டிய பந்து எழும்பாது, உதைத்த பந்து ஓடும். மீன்வாடிக்குப் பக்கத்தில் இரண்டு தடி ஊன்றினால் கோல் போஸ்ற் தயார். ஆகவே மன்னாரில் கல்லூரி விளையாட்டின் ரசிகர் என்றால் உதைபந்தின் ரசிகர் என்றே கொள்ளுங்கள்.

அணியைத் தெரிவுசெய்தல்

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு குறிப்பு: இலங்கையில் ‘கல்லூரி’ என்பது பெரும்பாலும் பாடசாலைதான். ஆறாம் வகுப்புப் பொடியனும் உயர்தர மாணவனும் ஒரே வாசலால் வருவார்கள்.

மன்னார் நகரில் புனித சவேரியார் ஆண்கள் கல்லூரி, சித்திவிநாயகர் இந்துக் கல்லூரி, அல்-அஸ்ஹர் ஆகியவை இருக்கின்றன. தீவுக்குள் பள்ளிமுனை புனித லூசியா, எருக்கலம்பிட்டி மத்திய கல்லூரி, பேசாலை புனித பத்திமா என்று பாடசாலைகள் தலைமன்னார்ப் பக்கமாக நீளும். பாலம் தாண்டினால் வங்காலை, முருங்கன், அடம்பன். நீங்கள் படித்த பாடசாலை இதில் ஒன்றென்றால் தெரிவு முடிந்தது. புதிதாக ஊருக்கு வந்தவர் என்றால் வீட்டுக்குக் கிட்டியதை எடுங்கள். வெற்றிக் கிண்ணங்களைப் பார்த்து எடுக்காதீர்கள். கிட்ட இருந்தால்தான் பின்னேரப் பயிற்சியைப் பார்க்க முடியும். பயிற்சியைப் பார்த்தவருக்குத்தான் மெச் புரியும்.

தெரிவுசெய்த பின் ஒரு சிக்கல் வரும். இந்தக் கரையில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கோயிலோ பள்ளிவாசலோ இருப்பதுபோல ஒரு விளையாட்டுக் கழகமும் இருக்கிறது. கழக மெச்சில் ஊரும் ஊரும் மோதும். பள்ளிமுனைக்காரரும் அடுத்த ஊர்க்காரரும் லைனுக்கு இரண்டு பக்கமும் நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள். ஆனால் கல்லூரிச் சட்டைக்குள் அதே இரண்டு ஊர்ப் பெடியளும் ஒன்றாக நிற்பார்கள். கிழமை முடிவில் உங்கள் ஊர்க் கழகத்துக்கு எதிராகக் கோல் அடித்தவன், அடுத்த கிழமை உங்கள் கல்லூரிக்காகக் கோர்னர் எடுப்பான். கழகத்தில் எதிரி, கல்லூரியில் நம்மவன். இந்த மாற்றத்துக்கு மனம் பழக வேண்டும். பழகாதவர் கழக ரசிகராகவே இருந்துகொள்ளலாம், அதில் பிழையில்லை.

ஊரும் ஊரும் ஒரே மைதானத்தில் நிற்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். 1990 ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டிக்காரர் கடல்வழியாகப் புத்தளம் பக்கம் போனார்கள். போன இடத்தில் ஊரின் பெயரையே பாடசாலைக்கு வைத்தார்கள். நாகவில்லுவில் இன்னும் ஒரு எருக்கலம்பிட்டிப் பாடசாலை இருக்கிறது. ஒரு தலைமுறை மன்னார் மணலில் பந்து உதைக்காமலே வளர்ந்தது. அதற்குப் பிறகு இந்தத் தீவின் மைதானமொன்றில் எருக்கலம்பிட்டி அணிக்கும் ஒரு கிறிஸ்தவ ஊர் அணிக்கும் மெச் நடக்கிறது, இடைவேளையில் இரண்டு பக்கமும் ஒரே கச்சான்காரரிடம் சுருள் வாங்குகிறார்கள் என்றால், அதைச் சும்மா மெச் என்று கடந்துபோக முடியாது.

அணியை அல்ல, அணிவரிசையைப் பிடியுங்கள்

தொழில்முறைக் கழகத்தில் நட்சத்திரம் பத்து வருசம் ஆடுவார். பாடசாலையில் எல்லோரும் போய்விடுவார்கள். அதனால் தொடங்கும்போதே 20 வயதுக்குட்பட்ட அணியில் கண் வைக்காதீர்கள். பேர் தெரிந்து கொள்வதற்குள் அவர்கள் வெளியே.

14, 16, 18, 20 என்று வயதுப் பிரிவுகள் இருக்கின்றன. 14 வயதுக்குட்பட்ட அணியில் ஒரு கூட்டத்தைப் பிடியுங்கள். அவர்கள் உயர, நீங்களும் கூடவே உயருங்கள். காலை வெயிலில், பெற்றார் பத்துப் பேர் மட்டும் நிற்கும் மைதானத்தில், சட்டை முழங்கால்வரை தொங்கும் பொடியன் ஒருவன் பந்தை நிறுத்தித் தலை நிமிர்த்திப் பார்ப்பான். மற்ற எல்லோரும் பந்தின் பின்னால் கூட்டமாக ஓட, அவன் மட்டும் வெளியில் காத்திருப்பான். அவனுடைய இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாலு வருசம் கழித்து மைதானம் நிரம்பும் நாளில், “இவனை நான் அப்பவே பார்த்தனான்” என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கும். கல்லூரி ரசிகருக்குக் கிடைக்கும் சம்பளம் இதுதான்.

ஒரு கசப்பான கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். பாடசாலை அணியின் பெரிய எதிரி யாழ்ப்பாணத்து அணியல்ல, சாதாரணதரப் பரீட்சை. 16 வயதுப் பிரிவு முடியும் கட்டத்தில் அது வரும். சித்தியடையாதவன் தகப்பனோடு கடலுக்குப் போவான், அல்லது கொழும்புக் கடையொன்றுக்கு. சித்தியடைந்தவனை ரியூசன் பிடித்துக்கொள்ளும். 16இல் பலமாக இருந்த அணி 18இல் பாதியாய் நிற்பதற்குக் காரணம் தேடி பயிற்றுநரைத் திட்டாதீர்கள். அந்த வயதில் ஒரு பெடியனைப் பாடசாலையில் வைத்திருக்க உதவுவதும் ரசிகரின் வேலைதான். பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு சோடி சப்பாத்தின் விலையைக் கொடுங்கள். கோலுக்கு வெடி கொளுத்துவதைவிட அது நெடுநாள் நிற்கும்.

வருசத்தை எண்ணுவது

பாடசாலைப் போட்டி ஏணிப்படிபோல ஏறும்: வலயம், மாகாணம், பிறகு தேசிய மட்டம். மன்னார் மாவட்டத்தில் மன்னார், மடு என்று இரண்டு கல்வி வலயங்கள். வலயத்தைத் தாண்டினால் வட மாகாணத்தின் மற்ற வலயங்கள் காத்திருக்கும். அங்கே யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரி, இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரி போன்ற பழம்புலிகளைச் சந்திக்க வேண்டும். இந்த ஏணிக்குப் பக்கத்தில் இலங்கைப் பாடசாலைகள் உதைபந்தாட்டச் சங்கம் நடத்தும் தொடரும் உண்டு. அதில் அணிகள் பிரிவு பிரிவாக ஆடும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, “போன மாதம் தோற்ற அணி எப்படித் திரும்ப ஆடுது?” என்று கேட்கும் ரசிகர்கள் அதிகம். எந்தத் தொடர், எந்த வயது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

திகதியை யாரும் அச்சடித்துத் தர மாட்டார்கள். அறிவதற்கு மூன்று வழி. முதலாவது, உடற்கல்வி ஆசிரியர். “சேர், எப்ப மெச்?” என்று கேட்பவரை எந்த சேரும் விரட்டியதில்லை. இரண்டாவது, பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழு. மூன்றாவது, மைதானத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக்கடை. மூன்றும் ஒரே திகதியைச் சொன்னால் நம்பலாம். அன்று காலையில் இன்னொருமுறை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

வலயப் போட்டிகள் பெரும்பாலும் வார நாளில் காலையிலேயே தொடங்கி, ஒரே நாளில் பல ஆட்டங்களாக முடியும். வேலைக்குப் போகிறவர் அதற்கென்று லீவை மிச்சம் பிடிக்க வேண்டும். ஊர்க் கலண்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். யூலை 2, ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாக்கள். அந்த நாட்களில் பாதி ஊர் காட்டுக்குள் கூடாரத்தில் இருக்கும். நோன்பு மாதத்தில் பயிற்சியின் நேரம் மாறும். அம்மாதத்தில் பகல் முழுக்கப் பச்சைத்தண்ணியும் குடிக்காமல் ஓடும் பெடியன் இரண்டாம் பாதியில் சோர்ந்தால், சத்தம் போடுமுன் ஒருகணம் யோசியுங்கள்.

காற்றை வாசித்தல்

வேறெந்த ஊர் வழிகாட்டியிலும் இந்தப் பகுதி இருக்காது. மன்னாரில் பதினோரு பேருக்கு எதிராகப் பன்னிரண்டு பேர் ஆடுகிறார்கள், பன்னிரண்டாவது காற்று. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்குத் தீவில் தடையே இல்லை. மலை கிடையாது, காடு கிடையாது, பனைமரம் மட்டும். தென்கரையில் ‘தம்பபவனி’ என்று 30 காற்றாலைகளை நட்டது சும்மா அல்ல. கார்த்திகைக்குப் பிறகு வாடை திரும்பி மறுபக்கத்தால் அடிக்கும்.

ஆகவே மைதானத்துக்கு வந்ததும் சட்டையின் நிறத்தைப் பார்க்காதீர்கள். மூலைக் கொடியைப் பாருங்கள். எந்தப் பக்கம் பறக்கிறது, துணி படபடக்கிறதா, விறைத்து நிற்கிறதா? விறைத்து நின்றால் உயரப் பந்து ஆடும் அணி அன்று கஷ்டப்படும்.

பிறகு நாணயச் சுழற்சி. 2019 வரை நாணயத்தில் வென்ற அணி எந்தக் கோலை நோக்கி ஆடுவது என்று மட்டும் தெரிவுசெய்யலாம். அந்த வருசம் விதி மாறியது. இப்போது பக்கத்தையோ தொடக்க உதையையோ எடுக்கலாம். வேறிடத்தில் இது சின்ன விடயம். மன்னாரில் அணித்தலைவனின் மூளையை அளக்க இது ஒன்று போதும். முதல் பாதியில் காற்றை முதுகில் எடுத்து இரண்டு கோல் அடித்துவிட்டுப் பிறகு காப்பதா, அல்லது களைத்த கால்களுக்கு இரண்டாம் பாதியில் காற்றின் உதவியை மிச்சம் வைப்பதா? இந்த ஒரு கேள்வியில் தேத்தண்ணிக்கடையில் ஒரு மணித்தியாலம் வாதாடலாம்.

காற்றுக்கு எதிராக ஆடும் அணியின் கோல்கீப்பரைக் கவனியுங்கள். கெட்டிக்காரன் என்றால் கோல் உதையை உயர அடிக்க மாட்டான், பக்கத்தில் நிற்கும் பின்வரிசைக்காரனுக்குத் தரையால் தள்ளுவான். அதே 2019 மாற்றத்தில் கோல் உதை தண்டனைப் பரப்பை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையும் போய்விட்டதால் அது இன்னும் சுலபம். காற்றோடு ஆடும் அணிக்கு கோர்னர் கிடைத்தால் எழும்பி நில்லுங்கள். கோர்னரிலிருந்து நேரே கோல் அடிக்கலாம். வளைந்து உள்ளே புகும் பந்தைக் காற்று மீதித் தூரம் கொண்டுபோகும்.

நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஆவணி மாதத்து நாலுமணி. சின்னவர்களின் ஆட்டம். காற்றுக்கு எதிராக ஒரு பொடியன் கோல் உதையை வானத்துக்கு அடித்தான். பந்து ஏறியது, நின்றது, பிறகு திரும்பி வந்தது. அவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்க, தலைக்கு மேலால் வந்து நிலத்தில் ஒருமுறை குத்தி, யாரிலும் படாமல் அவனுடைய வலைக்குள்ளேயே போனது. எதிரணிப் பக்கம் சனம் துள்ளிக் குதித்தது. விசில் ஊதிய நடுவர் கோர்னர்ப் பக்கம் கை காட்டினார். உடனே பெருஞ்சத்தம், தூசணம், ஒருவர் லைனைத் தாண்டி உள்ளே ஓடினார். நடுவர் சொன்னது சரி. கோல் உதை நேரே சொந்த வலைக்குள் போனால் கோல் இல்லை, எதிரணிக்கு கோர்னர்தான். உலகத்தில் பல நடுவர்கள் வாழ்நாளில் ஒருமுறையும் பயன்படுத்தாத விதி அது. மன்னாரில் ரசிகராக இருப்பவர் அதைத் தெரிந்து வைத்திருக்கத்தான் வேண்டும்.

நிற்கும் இடமும் நாவும்

மாலை ஆட்டத்தில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். காற்று வரும் பக்கத்தில் நிற்பது நல்லது. மறுபக்கம் நின்றால் மணல் கண்ணுக்குள் வரும். கோலுக்குப் பின்னால் நிற்கும் ஆசை எல்லோருக்கும் உண்டு, ஆனால் நடுக்கோட்டிலிருந்துதான் ஆட்டத்தின் வடிவம் தெரியும். தொப்பி, தண்ணிப் போத்தல், முகத்தைத் துடைக்க ஒரு லேஞ்சி. பொழுதுபோக்க கச்சான், காற்றுக்கும் கொட்டைக்கும் ஒரே பெயர் வைத்த மொழியில் இரண்டும் ஒரே பின்னேரத்தில் கிடைக்கும்.

நாக்குக்கு மூன்று விதி. ஆடுகிறவர்கள் பிள்ளைகள்; பிழைவிட்டவனைப் பேர்சொல்லி ஏசாதீர்கள், அவன் தாய் உங்களுக்குப் பின்னால் நிற்கக்கூடும். நடுவரின் தீர்ப்பில் முறைப்பாடு இருந்தால் அணிக்குப் பொறுப்பான ஆசிரியர் எழுதிக் கொடுக்கட்டும், லைனைத் தாண்டுவது உங்கள் வேலையல்ல. தோற்ற பெடியளின் அழுத முகத்தைப் படமெடுத்துப் போடாதீர்கள்.

பெண்பிள்ளைகளின் ஆட்டத்துக்கும் போங்கள். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண்கள் அணி நாடறிந்த அணியாக வளர்ந்தது. ஓர் ஊர் தன் பெண்பிள்ளைகளின் பந்தையும் பந்தாக மதித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று. லைனில் பத்துப் பேர் கூடுதலாக நின்றால் அடுத்த வருசம் இரண்டு பிள்ளைகள் கூடுதலாகச் சட்டை கேட்பார்கள்.

வெளியூர்ப் பயணம்

மாகாண மட்டத்துக்கு அணி ஏறினால் கூடவே போகாமல் இருக்க முடியாது. 2010இல் புதிய பாலம் திறந்த பிறகு தீவிலிருந்து வெளிக்கிடுவது இலகு.

யாழ்ப்பாணத்துக்கு ஏ32 வீதி. விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், பூநகரி தாண்டி, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் குடாநாட்டுக்குள் போகலாம். வழியில் நீண்ட தூரம் கடையில்லாத வெளி, சோற்றுப்பார்சல் கட்டிக்கொள்ளுங்கள். போகும் இடம் துரையப்பா விளையாட்டரங்கு என்றால் அது இந்திய உதவியோடு திருத்தப்பட்டு 2016 யூன் 18இல் திரும்பத் திறக்கப்பட்டது. மணலில் பழகிய கால்களுக்கு அங்கே பந்து வேகமாக ஓடும். முதல் பத்து நிமிடம் நமது பெடியள் தடுமாறினால் பயப்படாதீர்கள், தரையை அளந்துகொள்கிறார்கள்.

வவுனியாவுக்குப் பறையனாலங்குளம் வழியால் பஸ் போகும். கொழும்பில் தேசிய மட்ட ஆட்டம் என்றால் 2015இல் தலைமன்னார்வரை திரும்ப ஓடத் தொடங்கிய ரயில் இருக்கிறது. ரயில் யாழ்ப்பாணத்துக்கும் உதவும் என்று எண்ணிவிடாதீர்கள். மதவாச்சிவரை போய்த் திரும்ப வடக்கே ஏற வேண்டும்; மெச் முடிந்திருக்கும்.

அணியின் பஸ்ஸில் இடம் கேட்காதீர்கள். அது பெடியளுக்கு. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வான் பிடித்தால் செலவு பிரியும், பேச்சு சேரும்.

கொப்பி

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். எண்பது பக்கக் கொப்பியும் பென்சிலும் வாங்குங்கள். பேனை வேண்டாம், வியர்வையில் கரையும்.

பெரிய கழக ஆட்டத்தை ஆயிரம் கமரா பதிவுசெய்கிறது. மன்னார் வலயத்து 14 வயதுக்குட்பட்டோரின் காலை ஆட்டத்தை யாரும் பதிவுசெய்வதில்லை. சேரின் கையில் முடிவு மட்டும் இருக்கும். கடதாசி தொலைந்தால் அதுவும் இல்லை. யார் பந்து கொடுத்தது, யார் கடைசி நிமிடத்தில் கோட்டில் வைத்துத் தட்டியது என்பதெல்லாம் பார்த்தவர் மறந்த அன்றே போய்விடும்.

ஒரு ஆட்டத்துக்கு ஒரு பக்கம் போதும். மேலே திகதி, மைதானம், தொடர், வயதுப் பிரிவு. அடுத்து காற்று. அதன் கீழே கோல்கள்: நிமிடம், அடித்தவன் இலக்கம், கொடுத்தவன் இலக்கம், எப்படி. கடைசியில் ஒரே ஒரு வரி, உங்கள் கண்ணில் நின்றது. என்னுடைய கொப்பியில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

“காற்று: கச்சான், கொடி விறைப்பு. முதல் பாதி எதிர்க்காற்று. 0–0. இரண்டாம் பாதி 11 நிமி., 7 கோர்னர், நேரே கோல். 23 நிமி., பெனால்ரி, 10 அடித்தான், கீப்பர் பிடித்தான். 1–0. நின்றது: பெனால்ரி விட்ட 10இன் தோளில் எதிரணிக் கீப்பர் கை வைத்தது. இரண்டும் ஒரே ஊர்.”

பேர் எழுத வேண்டாம், இலக்கம் போதும். பிள்ளைகளின் பிழைகள் பேரோடு காகிதத்தில் நிற்கத் தேவையில்லை.

ஆறு வருசத்துக் கொப்பிகள் சேர்ந்தால், ஓர் அணிவரிசை வளர்ந்த கதை உங்கள் கையில் இருக்கும். அவர்களுடைய கடைசி ஆட்டம் முடிந்த பிறகு உயர்தரப் பரீட்சை, பிறகு ஆளுக்கொரு திசை. சிலர் ஊர்க் கழகத்துக்கு வருவார்கள். அடுத்த ஞாயிறு உங்கள் ஊருக்கு எதிராக நிற்கும் பின்வரிசைக்காரன் நீங்கள் ஆறு வருசம் இலக்கமிட்டு எழுதியவனாக இருப்பான். அவன் உங்கள் பெடியனின் காலிலிருந்து பந்தைப் பறிக்கும்போது உங்கள் பக்கம் நிற்கிறவர் ஏசுவார். நீங்கள் ஏச மாட்டீர்கள். அந்தப் பறிப்பை 16 வயதில் எந்த மைதானத்தில் பழகினான் என்று உங்களுக்குத் தெரியும்.

அடுத்த வலயப் போட்டியில் காலை எட்டுமணிக்கே போய்விடுங்கள். 14 வயதுக்குட்பட்டோர் ஆடுவார்கள், லைனில் ஆட்கள் இருக்க மாட்டார்கள். புதுக் கொப்பியைத் திறந்து, திகதியைப் போட்டு, மூலைக் கொடியைப் பாருங்கள். முதலில் காற்றை எழுதுங்கள்.